ஊட்டிக் குளிரில் மாருதி 800: செல்ஃப் இழுக்கவில்லை, இன்ஜின் சூடேறவில்லை

கேத்தி800

வணக்கம். 1998 மாருதி 800, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள வண்டி. மேலே கூரை மட்டும் உள்ள ஷெட்டில் கேத்தியில் நிற்கிறது. பெரும்பாலும் ஊட்டி மார்க்கெட் வரை போய்த் திரும்பும் ஓட்டம்தான், எப்போதாவது மேட்டுப்பாளையம் இறங்கும். உறைபனி விழ ஆரம்பித்த பிறகு ரொம்பப் படுத்துகிறது. அறிகுறிகளை விடாமல் எழுதுகிறேன்.

காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மந்தமாகச் சுற்றுகிறது, டாஷ்போர்டு விளக்குகள் மங்கிவிடுகின்றன. விட்டுவிட்டு அடித்தால் கடைசியில் எடுத்துக்கொள்ளும். சோக் (குளிரில் பெட்ரோல் கலவையைக் கெட்டியாக்கும் குமிழ்) முழுதாக இழுத்திருந்தால்தான் ஓடும். லவ்டேல் ஜங்ஷன் தாண்டியும் சோக்கை உள்ளே தள்ள முடியவில்லை, தள்ளினால் திணறி அணைகிறது. டெம்பரேச்சர் முள் அடிக்கோட்டை விட்டு எழுவதே இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும்போது மட்டும் கொஞ்சம் எழும், இறக்கத்தில் முழுதாகப் படுத்துவிடும். பிளக் மூன்றும் கரி பிடித்திருக்கின்றன, மைலேஜ் விழுந்துவிட்டது. ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது.

பேட்டரி 35 ஆம்பியர், வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பனிமூட்டத்தில் லைட்டும் வைப்பரும் போட்டுச் சேரிங்கிராஸ் நெரிசலில் நின்றால் பேட்டரி விளக்கு லேசாக எரிகிறது. ரேடியேட்டர் ஃபேன் சாவி போட்டதுமே ஓடும், முன்பு வைத்திருந்தவர் டைரக்டாக வயர் கொடுத்திருக்கிறார்.

ஒருவர் கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார், ஒருவர் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் என்கிறார், இன்னொருவர் இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்கிறார். எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பழையவண்டி_குன்னூர்

மூன்றையும் இப்போதைக்கு வாங்காதீங்க தம்பி. சாவி போட்டதும் ஃபேன் ஓடுது, முள் எழவே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கீங்க. இந்த ரெண்டும் ஒரே வண்டியில் இருந்தால் இன்ஜின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வையும் யாரோ கழற்றி எறிந்திருப்பாங்க. மலையேறும் வண்டிகளுக்கு இதை ஒரு வைத்தியமாகவே செய்றாங்க. உங்க குளிர்த் தொல்லை முழுக்க அங்கிருந்துதான் வருது.

மீட்டர் எதுவும் இல்லாமலே இதை உறுதி செய்யலாம். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸில் கை வையுங்க. வால்வு இருந்தால் அந்த ஹோஸ் பல நிமிஷம் சில்லென்றே இருக்கும், பிறகு திடீரென்று கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். வால்வு இல்லாவிட்டால் ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகி, அந்த வெதுவெதுப்பிலேயே நின்றுவிடும்.

ஏன் கழற்றுறாங்க என்பதையும் தெரிஞ்சுக்கங்க, இல்லாவிட்டால் புது வால்வு போட்ட பிறகு இன்னொருத்தர் கழற்றச் சொல்வார். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் குன்னூரில் 94 கிட்டேயும், 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 92, 93 டிகிரியிலும் கொதிச்சுடும். ஃபேன் சுவிட்ச் பெரும்பாலும் 90க்கு மேலேதான் ஃபேனைப் போடும். நடுவில் இருக்கும் இந்தச் சின்ன இடைவெளியைக் காப்பாத்துறது ரேடியேட்டர் மூடிதான். 0.9 என்று பொறித்த மூடி நல்லா இருந்தால், உள்ளே அழுத்தம் ஏறி ஊட்டியிலும் 110 டிகிரி தாண்டும் வரை கொதிக்காது. அந்த மூடியின் ரப்பர் வெடித்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ போனால், கல்லாரில் ஒழுங்காக இருந்த வண்டி குன்னூர் வரும்போது புகையும். கெட்டது மூடி, பழி வால்வு மேல் விழும். வால்வைக் கழற்றி ஃபேனையும் டைரக்ட் கொடுத்ததும் புகை நிற்கும், உண்மைதான். அதற்கு விலை உங்க காலை நேரம், பெட்ரோல், இன்ஜின் ஆயுள் மூன்றும்.

எப்படி என்றால், குளிர்ந்த மேனிஃபோல்டில், அதாவது கலவை சிலிண்டருக்குப் போகும் குழாயில், பெட்ரோல் ஆவியாகாமல் சுவரில் துளியாகப் படியும். அதனால்தான் சோக்கைத் தள்ளினால் திணறுது. சோக்கை இழுத்தே ஓட்டினால் பிளக் கரி பிடிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவி, கீழே இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலக்கும். ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி இருப்பது, எரியும்போது உண்டாகும் நீராவி சூடு போதாமல் உள்ளேயே தங்கி ஆயிலோடு கலந்தது. குட்டி ஓட்டம் மட்டும் ஓடும் வண்டிகளில் இது சகஜம். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் குறையும், காலையில் குளிர்ந்த வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் தண்ணீரில் தொடர்ந்து குமிழி வரும், டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பால் நிறமாகத் தெரியும். இது எதுவும் இல்லை என்றால் கேஸ்கெட்டை மறந்துடுங்க.

செல்ஃப் மந்தம் பற்றி மின்சாரம் தெரிந்தவங்க சொல்லட்டும். ஒன்று மட்டும் நான் சொல்றேன், அந்த ஃபேன் ஓயாமல் ஓடுவதற்கும் உங்க பேட்டரிக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கு.

மின்சாரப்பெட்டி

மேலே சொன்னது முழுக்கச் சரி. மின்சாரப் பக்கம் ஊகத்துக்கு வேலையே இல்லை, ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். கீழே உள்ள அளவுகளை எடுத்துப் போடுங்கள், பிறகு பேசலாம்.

இரவு முழுக்க நின்ற வண்டியில், கதவைத் திறந்து உள்விளக்கு எரிய விடாமல், பேட்டரி முனைகளில் வோல்ட் பாருங்கள். 12.6 என்றால் முழு சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். பேட்டரியில் மூடிகள் இருந்தால் ஹைட்ரோமீட்டரால் (ஆசிட் அடர்த்தி பார்க்கும் கருவி) ஆறு செல்லையும் பாருங்கள். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 அளவுக்குக் கீழே இருந்தால் அந்த பேட்டரி தேறாது.

அடுத்தது கிராங்க் சோதனை. இதுதான் முக்கியம். இக்னிஷன் காயிலுக்கு வரும் மெல்லிய பிளஸ் வயரைக் கழற்றி, எங்கும் படாமல் டேப் சுற்றி வையுங்கள். இன்ஜின் எடுக்காமல் செல்ஃப் மட்டும் சுற்றும். ஒருவர் சாவியைத் திருப்ப, நீங்கள் மூன்று இடத்தில் அளவு எடுங்கள். முதலில் பேட்டரியின் இரண்டு ஈயக் கொம்புகளுக்கு இடையே: 9.6க்குக் கீழே போகக் கூடாது. இரண்டாவது, பிளஸ் கொம்புக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே: 0.5க்குள் இருக்க வேண்டும். மூன்றாவது, மைனஸ் கொம்புக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் இடையே: 0.2, போனால் போகட்டும் 0.3. மீட்டர் முனை ஈயக் கொம்பிலேயே பட வேண்டும், மேலே மாட்டிய கிளாம்பில் வைத்தால் கொம்புக்கும் கிளாம்புக்கும் நடுவே இருக்கும் கோளாறு தெரியாமல் போய்விடும். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு வினாடிக்கு மேல் சுற்ற வேண்டாம்.

காயில் வயரை மாட்டி ஸ்டார்ட் செய்து, ஐட்லிங்கைவிட நன்றாக ஏற்றி, 2000 ஆர்பிஎம் அளவில் வைத்துப் பேட்டரி வோல்ட் பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். பிறகு ஹெட்லைட், வைப்பர், புளோயர் எல்லாம் போட்டு அதே வேகத்திலும் ஐட்லிங்கிலும் பாருங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றியும் ஒருமுறை பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டரில் டையோடு போயிருக்கிறது.

கடைசியாக மின் கசிவு. எல்லாவற்றையும் அணைத்து, மைனஸ் கிளாம்பைக் கழற்றி, கொம்புக்கும் கிளாம்புக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் பகுதியில் வையுங்கள். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. மீட்டர் அப்படி மாட்டியிருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

ஒரு கேள்வி. நீண்ட நேரம் செல்ஃப் அடித்த பிறகு சோக் குமிழையும் அதன் கேபிளையும் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சூடாக இருக்கிறதா?

மஞ்சூர்ரோடு

முக்கியமான ரெண்டு விஷயம் விட்டுப்போகக் கூடாது, சுருக்கமாகச் சொல்கிறேன்.

நல்லா ஓடிக்கொண்டிருந்த வண்டி பனிமூட்டத்தில் கொஞ்ச தூரம் போனதும் ஐட்லிங் நிற்காமல் அணைந்து, சில நிமிடம் நிறுத்தி வைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி எடுத்தால், அது கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி பிடிப்பது. பெட்ரோல் ஆவியாகும்போது அந்த இடத்தின் சூட்டை இழுத்துக்கொள்ளும், வெளியே 8 டிகிரி இருந்தாலும் காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் தகடு ஓரத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். ஈரக்காற்று அங்கேயே உறையும். அதனால் காய்ந்த உறைபனிக் காலையைவிட, ஈரமான பனிமூட்டம்தான் இதற்கு மோசம். அணைந்த பிறகு நிறுத்திய இன்ஜினின் சூடு மேலே ஏறி ஐஸை உருக்கிவிடும். பானெட்டைத் திறந்து பார்க்கும்போது தடயமே இருக்காது. தெர்மோஸ்டாட் போட்டு இன்ஜின் சூடேறினால் பாதி சரியாகும். ஏர் ஃபில்டர் டப்பாவின் மூக்கிலிருந்து எக்ஸாஸ்ட் பக்கம் போகும் நெளிகுழாய்க்கு இடம் இருந்து, குழாய் மட்டும் காணாமல் போயிருந்தால் அதையும் வாங்கி மாட்டுங்கள்.

இன்னொன்று, பிளக்குகளுக்குப் பொறி மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஓடும் இன்ஜினில் கேப், பிளக் வயர் மேல் தண்ணீரை மெல்லப் புகையாக ஸ்பிரே செய்து பாருங்கள், கையை மட்டும் எட்ட வைத்துக்கொள்ளுங்கள். நீலமாகப் பொறி ஓடினால் அந்த வயரை மாற்றுங்கள். கேப்பின் உள்பக்கம் பென்சிலால் கோடு இழுத்த மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால், துடைத்து பயனில்லை, புது கேப்தான்.

கேத்தி800

எல்லோருக்கும் நன்றி. அளவுகள் எடுத்தேன்.

இரவு நின்ற பிறகு 12.15. கிராங்க் செய்யும்போது கொம்புகளுக்கு இடையே 8.6. பிளஸ் கொம்பிலிருந்து செல்ஃப் போல்ட் 0.3. மைனஸ் கொம்பிலிருந்து இன்ஜின் 1.1. ஏற்றி வைத்தால் 14.1, எல்லா விளக்கும் போட்டு ஏற்றி வைத்தால் 13.6, அதே ஐட்லிங்கில் 12.3. ஏசி 0.05. கசிவு 0.03 ஆம்பியர். ஆறு செல்லும் ஏறக்குறைய ஒரே அளவு, எல்லாம் 1.190 பக்கம். சோக் கேபிள் கிராங்க் செய்யும்போது சூடாகிறது, டாஷ்போர்டுக்குப் பின்னால் கேபிள் உறை லேசாக உருகியே இருக்கிறது.

மேல் ஹோஸ் அண்ணன் சொன்ன மாதிரி ஆரம்பத்திலிருந்தே மெல்ல வெதுவெதுப்பாகிறது. தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே வால்வு இல்லை. புது வால்வு வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் மாட்டவில்லை, விளிம்பில் 82 என்று போட்டிருக்கிறது. பாத்திரத்தில் தண்ணீர் வைத்துச் சூடாக்கினேன், திறந்தது, ஆனால் தண்ணீர் தளதளவென்று கொதித்தும் முழுதாகத் திறக்கவில்லை. திருப்பிக் கொடுக்கலாமா?

பெரிய பேட்டரி போட்டால் செல்ஃப் சரியாகுமா? உயரத்துக்காக கார்புரேட்டரில் சின்ன மெயின் ஜெட் (பெட்ரோல் வரும் துளை) போடச் சொல்கிறார்கள், அது தேவையா?

மின்சாரப்பெட்டி

அளவுகளிலேயே பதில் இருக்கிறது. ஆல்டர்னேட்டர் நல்லது, தொட வேண்டாம். கசிவும் இல்லை.

கோளாறு அந்த 1.1 வோல்ட்டில். இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடிக்கும் அதற்கும் மின் இணைப்பு எர்த் கேபிள் ஒன்றுதான். செல்ஃப் இழுக்கும் 100 ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்ட் அந்த வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்த வழி அடைபட்டதும், இன்ஜினைத் தொடும் மற்ற உலோகம் எது கிடைத்தாலும் அதில் புகுந்து வரும். உங்கள் வண்டியில் சோக் கேபிள். உறை உருகியிருப்பது அதனால்தான். ஆக்சிலேட்டர் கேபிளிலும் இதே நடந்தால் கேபிள் இறுகிப் பெடல் திரும்பாமல் நின்றுவிடும், மலைப்பாதையில் அது ஆபத்து. ஆகவே இதை நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரியில் 8.6, எர்த்தில் 1.1, பிளஸ் பக்கம் 0.3 போக, செல்ஃப் மோட்டாருக்குக் கிடைப்பது 7.2 வோல்ட்தான். கெட்டியான குளிர் ஆயிலை அது எப்படிச் சுற்றும்? காயிலுக்கும் அந்த நேரத்தில் வோல்ட் குறைந்து பொறி பலவீனமாகும்.

செய்ய வேண்டியது: மைனஸ் கேபிளைப் பேட்டரியிலிருந்து முதலில் கழற்றுங்கள். அது பாடியிலும் கியர்பாக்ஸ் பக்கமும் போல்ட் ஆகும் இடங்களைக் கழற்றி, உப்புத்தாளால் பளிச்சென்று உலோகம் தெரியும் வரை தேயுங்கள். பெயின்ட், பச்சை, துரு எதுவும் மிஞ்சக் கூடாது. கேபிள் நுனியில் ரப்பரைச் சற்றுப் பின்னால் இழுத்துப் பாருங்கள், செம்பு கறுத்தோ பச்சையாகவோ மாவாக உதிர்ந்தால் கேபிளையே மாற்றுங்கள். குறைந்தது 16 சதுர மி.மீ. செம்பு, அச்சில் அழுத்திய லக் (கேபிள் நுனி வளையம்), பல் வாஷர். வாசலினை இறுக்கி முடித்த பிறகு மேலே பூசுங்கள். முன்பே பூசிவிட்டு மாட்டாதீர்கள். பிறகு அதே கிராங்க் சோதனை, 0.2க்கு வர வேண்டும். சரியான பின் சோக் கேபிளையும் புதிதாக மாட்டுங்கள், உருகிய உறைக்குள் கம்பி நடுவில் சிக்கும்.

பேட்டரி பெரிதாக வேண்டாம். உங்களுடையது கெட்டதில்லை, பட்டினி கிடக்கிறது. 12.15, 1.190 இரண்டும் அதையே சொல்கின்றன. உறைபனிக் குளிரில் நல்ல பேட்டரியே கிராங்க் செய்யும் பலத்தில் மூன்றில் ஒரு பங்கை இழக்கும், இது பாதி வயிற்றோடு நிற்கிறது. இரண்டு ஹெட்லைட் 9 ஆம்பியர், ஃபேன் ஆறேழு, அதற்கு மேல் வைப்பர், புளோயர். கேத்தியிலிருந்து ஊட்டிக்கு இரண்டாவது, மூன்றாவது கியரில் ஏறி, நெரிசலில் ஐட்லிங்கில் நின்றால் 12.3. அதாவது சார்ஜ் ஏறவில்லை, பேட்டரியிலிருந்துதான் போகிறது. பெரிய பேட்டரி போட்டால் அதுவும் இதே கதி. வெளி சார்ஜரில் 3.5 ஆம்பியர் வைத்து 6 முதல் 8 மணி நேரம் ஏற்றி, செல்கள் 1.240க்கு மேல் வந்ததைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். ஆல்டர்னேட்டர் பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்தினால் 6 முதல் 9 மி.மீ. இறங்கலாம், அதற்கு மேல் தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். ஐட்லிங் 850 ஆர்பிஎம்முக்குக் கீழே இருந்தாலும் பேட்டரி விளக்கு எரியும்.

ஃபேனை அதன் சுவிட்சுக்கே திருப்புங்கள். சுவிட்ச் கனெக்டரைக் கழற்றி இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் சேர்த்தால், சாவி போட்ட நிலையில் ஃபேன் ஓட வேண்டும். ஒற்றை வயர் சுவிட்ச் என்றால் அந்த வயரை இன்ஜின் உலோகத்தில் தொட்டுப் பாருங்கள். ஓடினால் வயரிங் சரி, சுவிட்சை மட்டும் மாற்றினால் போதும். ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, டைரக்ட் கொடுத்தபோது அறுத்த வயர் என்ற வரிசையில் தேடுங்கள். டெம்பரேச்சர் சென்சாரைக் கழற்ற நேர்ந்தால் அதன் மரையில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். அது மரை வழியாகத்தான் எர்த் எடுக்கிறது, டேப் சுற்றினால் முள் குறைவாகக் காட்டும்.

பழையவண்டி_குன்னூர்

வால்வைத் திருப்பிக் கொடுக்காதீங்க, அது நல்ல வால்வு. 82 என்பது திறக்க ஆரம்பிக்கும் சூடு. முழுதாகத் திறக்க 95 வேணும். கேத்தியில் தண்ணீர் அதற்கு முன்னாடியே கொதிச்சுடும், அதற்கு மேல் சூடேறாது. பாத்திரத்தில் முழுதாகத் திறப்பதை நம்ம மலையில் பார்க்கவே முடியாது. வண்டிக்குள் மூடியின் அழுத்தத்தில் திறந்துடும். அதனால் புது ரேடியேட்டர் மூடியைக் கட்டாயம் இதோடு சேர்த்து மாட்டுங்க, பழைய மூடியில் இருக்கும் அதே எண் பார்த்து.

மாட்டும்போது ஸ்பிரிங் பக்கம் இன்ஜினைப் பார்த்து இருக்கணும். தகட்டில் ஆடும் சின்ன ஊசி மேல் பக்கம் வரணும், காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துட்டு புதுசு வையுங்க. வால்வு மேல் வரும் மூடி அலுமினியம், ரெண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்க, ஒரு பக்கம் முழுக்க இறுக்கினால் காது உடையும். கூலன்ட் ஒரு பங்குக்கு டிஸ்டில்டு வாட்டர் ரெண்டு பங்கு, தலைகுந்தா பக்க உறைபனிக்கும் அது தாராளம். கலந்தே விற்பதை வாங்கினால் தண்ணீர் சேர்க்காதீங்க. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தே ஐட்லிங்கில் ஓட விட்டு, மேல் ஹோஸ் திடீரென்று சுட ஆரம்பிக்கும் வரை பாருங்க. குமிழி நின்று, மட்டம் இறங்கினால் நிரப்பி, உடனே மூடிடுங்க. ஒருதடவை மூடின பிறகு சூட்டில் திறக்கவே கூடாது. மறுநாள் காலையில் ரிசர்வ் டேங்க் மட்டத்தைப் பார்த்துக்கங்க.

அப்புறம் ஆயில். பெட்ரோல் கலந்த ஆயில், மாற்றியே ஆகணும். 20 டபிள்யூ 50 ஊற்றியிருந்தால் அது இந்தக் குளிருக்கு ரொம்பக் கெட்டி, 15 டபிள்யூ 40 போடுங்க, செல்ஃபுக்கே வித்தியாசம் தெரியும். ஃபில்டரும் மாற்றுங்க. பிளக்கைக் கழுவிக் கரியை எடுத்து இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. வையுங்க.

மெயின் ஜெட் வேண்டாம். இங்கே காற்று மெலிசு, கலவை கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும், அது உண்மை. ஆனால் நீங்க மேட்டுப்பாளையமும் போறீங்க. இங்கே பொருத்தமாகச் சின்ன ஜெட் போட்டால், கீழே கலவை மெலிஞ்சு இன்ஜின் சுடும், இழுவையும் போகும். மலையை விட்டு இறங்காத வண்டிக்குத்தான் அது. உங்களுக்கு ஐட்லிங் மிக்சர் ஸ்க்ரூ போதும். அதையும் வால்வு போட்டு, முள் நடுவுக்கு வந்து, சோக் முழுக்க உள்ளே இருக்கும்போதுதான் தொடணும். குளிர்ந்த இன்ஜினில் செட் செய்தால் திரும்பவும் கெட்டியாகத்தான் முடியும். ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருகிக்கிட்டே போங்க, இன்ஜின் வேகம் விழ ஆரம்பிக்கும் இடத்திலிருந்து வெளியே திருப்பி, சத்தம் ஒரே சீராக வரும் இடத்தில் நிறுத்துங்க. கீழே இறங்கினதும் ஐட்லிங் படபடத்தால் கால் சுற்று வெளியே எடுத்தால் போதும்.